அக்காவின் ஸ்கூட்டர்

என் புது ஸ்கூட்டரின் பிரேக் கம்பியை இறுக்கியபோது விரல்களில் ஒட்டிய கிரீஸ் மணம் என்னைக் கொழும்பு வெள்ளவத்தைக்குக் கொண்டுபோய்விட்டது.

சண்டைக் காலம். அக்கா புது ஸ்கூட்டர் வாங்கியிருந்தாள். ஞாயிறு காலைகளில் அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பிளக்கைத் துடைத்து, பிரேக்கைச் சரிபார்ப்பார். பிறகு அக்கா என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தெஹிவளை வரை போவாள்.

"புது எஞ்சின், மெதுவா ஓடு பிள்ளை" என்பார் அப்பா.

ஒருநாள் சோதனைச்சாவடியில் அவளை மறித்துப் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். மாலையில் விட்டுவிட்டாலும், அப்பா பயந்துபோய் அவளைக் கனடாவுக்கு அனுப்பினார். ஸ்கூட்டரை மட்டும் விற்கவில்லை. ஞாயிறு தவறாமல் துடைத்து, ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பார்.

"ஆர் ஓடுறதுக்கு அப்பா?" என்று கேட்டேன்.

"அக்கா வந்தா ஓட வேணுமெல்லே."

அவள் வந்தது அப்பாவின் செத்தவீட்டுக்குத்தான். எல்லாம் முடிந்த மறுநாள் ஸ்கூட்டரை உதைத்தாள். முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது.