புதுப் பெயிண்ட் அடித்த ரயில்

நியூயார்க்கில் ரயில் வரும்போது எல்லோரும் கைபேசியைப் பார்க்கிறார்கள். நான் ரயிலைப் பார்க்கிறேன். முகப்பு விளக்கு தெரிந்ததும் நடைமேடையில் ஓரடி முன்னால் வந்து, பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடக்கக் கடக்க, கதவின் அடிப்பக்கம், சன்னல் ரப்பர், பக்கத் தகடு என்று கண்ணை ஓட்டுவேன். ஒருநாள் பக்கத்தில் நின்றவர், ஏதாவது தொலைத்துவிட்டாயா என்று அக்கறையோடு கேட்டார். இல்லை, இந்த வண்டி எவ்வளவு பழையது என்று பார்க்கிறேன் என்றேன். அவர் என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

நான் குடியிருப்பது குயின்ஸ் பகுதியின் தென்கோடியில். அங்கே வருவது ஏ ரயில். சில காலைகளில் அகலக் கதவும் நீலத் திரையுமாகப் புத்தம்புதிய பெட்டிகள் வரும். சில காலைகளில் ஆரஞ்சும் மஞ்சளுமாக இருக்கை போட்ட, எழுபதுகளில் செய்த பெட்டிகள் வரும். அவை என் அம்மாவைவிட மூத்தவை. தடமும் ஒன்றுதான், கட்டணமும் ஒன்றுதான். எந்த நாளில் எது வரும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் இங்கே யாருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு எப்படி இவ்வளவு நிம்மதியாக ஏறி உட்காருகிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. நல்ல பெட்டியெல்லாம் பணக்காரர்கள் இருக்கும் பக்கம் போகிறது, தேய்ந்தது எங்களுக்கு வருகிறது என்ற எண்ணம் முதல் மாதத்திலேயே எனக்கு வந்துவிட்டது. ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த எண்ணம் அது.

உடையார்பாளையத்துக்கு உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் ஊர். சென்னைக்கும் திருச்சிக்கும் பறந்த பஸ்கள் சில வருடம் கழித்து அரியலூர், ஜெயங்கொண்டம் என்று வரும். அங்கேயும் ஓடிக் களைத்த பிறகு டவுன் பஸ்ஸாக எங்களிடம் வரும். வரும்போது புதுப் பெயிண்ட் அடித்திருப்பார்கள். வெயில் சாய்வாக விழும் நேரத்தில் அந்தப் பெயிண்டுக்குக் கீழே ‘சென்னை’ என்ற எழுத்து மேடாகத் தெரியும். எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதால், அதை வாசித்துச் சொன்னதும் நான்தான். அம்மாவுக்கு அந்த உதவி தேவைப்படவில்லை. அவளுக்கு வேறு வழி இருந்தது.

அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலைக்குப் போகிறவள். கொட்டைத் தோலில் கசியும் பால் பட்டுப் பட்டு விரல் நுனியில் ரேகை அழிந்துவிட்டது. ரேஷன் கடை மெஷின் அவளை இன்னார் என்று ஒத்துக்கொள்ள அரை நாள் பிடிக்கும். நகம் மட்டும் கறுத்து, இரும்பு மாதிரி இருக்கும். பஸ் வந்து நின்றதும் படிக்குப் பக்கத்தில் அந்த நகத்தால் ஒரு கீறு கீறிப் பார்ப்பாள். பிறகு தீர்ப்புச் சொல்வாள்.

“பச்சைக்கு அடியில நீலம். நீலத்துக்கு அடியில துரு. இது மூணு ஊரு பாத்த வண்டி.”

கண்டக்டர் ஒருவர் ஒருமுறை சீண்டினார். “ஏம்மா, பஸ்ஸ வெலைக்கு வாங்கப் போறியா?”

“வாங்குனவரு பாத்திருந்தா நான் ஏங்க சொரண்டப் போறேன்?” என்றாள் அம்மா.

பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்கு ஜெயங்கொண்டம் போகவேண்டும். அன்றைக்கு வந்த பஸ் அப்போதுதான் கல்யாணத்துக்குக் கிளம்பியது போலப் பளபளத்தது. என் வகுப்புப் பெண்கள் எல்லோரும் ஏறிவிட்டார்கள். அம்மா சுரண்டிப் பார்த்துவிட்டு என் பின்னலைப் பிடித்து நிறுத்தினாள். சன்னல் வழியாகத் தோழிகள் சிரித்தார்கள். அடுத்த பஸ் வரும்வரை நான் அழுதேன், அம்மா வெற்றிலை போட்டாள். போகிற வழியில் முந்திரித் தோப்பு ஓரமாக அந்தப் பளபளப்பு வண்டி புகைந்துகொண்டு நின்றது. தோழிகள் ரோட்டில் நின்று கையாட்டினார்கள். முடிந்தவரை ஏற்றிக்கொண்டோம். மிச்சம் பேர் யார் யாரோ மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பேரால் வரவே முடியவில்லை. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

பெரம்பலூரில் சிவில் படித்தேன். மேற்படிப்புக்கு இங்கே வந்தேன். இப்போது ஒரு சிறிய பரிசோதனைக்கூடத்தில் கான்கிரீட் உடைக்கிறேன். கட்டடம் எழும்பும் இடத்தில் அன்றன்று கொட்டும் கான்கிரீட்டை உருளை உருளையாக எடுத்துவந்து, சில நாள் கழித்து எந்திரத்தில் நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று பார்ப்பது வேலை. சிமெண்டு ஆலைத் தூசியில் வளர்ந்த பெண்ணுக்கு இது பொருத்தம்தான் என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். எனக்கு இந்த வேலை பிடித்ததற்குக் காரணம் வேறு. வெளியே மழமழவென்று இருக்கும் உருளையை நம்பாதே, உடைத்துப் பார் என்று சம்பளம் கொடுத்துச் சொல்கிறார்கள். அம்மாவின் நகத்தைத்தான் இவர்கள் எந்திரமாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்த வேலை நிலைக்க ஒரு சான்றிதழ் வேண்டும். வருட முடிவுக்குள் அதை வாங்காவிட்டால் களப்பணிக்கு அனுப்பமுடியாது, களப்பணி இல்லாத ஆளை வைத்துக்கொள்ள வழியில்லை என்று என் மேலாளர் முன்பே சொல்லியிருந்தார். வேலை போனால் விசா போகும், விசா போனால் நான் போகவேண்டும். மேலாளர் பெயர் இந்திரா ராம்சாமி. கயானா நாட்டில் பிறந்தவர். பெயரைப் பார்த்து முதல் நாள் நான் தமிழில் வணக்கம் சொல்ல, அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் போன தன் கொள்ளுத்தாத்தாவோடு அந்தப் பாஷை போய்விட்டது என்று ஆங்கிலத்தில் சொன்னார். அதற்குப் பிறகு வேலையைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

தேர்வு டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை. அதிசயமாக அன்றைக்கு ஏ ரயில் நேரத்துக்கு வந்தது. மன்ஹாட்டனில் இறங்கி, வடக்கே போகும் இன்னொரு ரயிலுக்காகக் கீழ்த்தள நடைமேடையில் நின்றேன். அப்போது வந்தது அது.

கரும்பச்சை நிறம். ஆணி ஆணியாகத் தெரியும் இரும்பு உடம்பு. உள்ளே மொட்டை பல்பு, கூரையில் மின்விசிறி, பிரம்பு பின்னிய இருக்கை. எல்லாவற்றுக்கும் மேலே புதுப் பெயிண்ட். நேற்று அடித்தது போல மினுங்கியது. கதவு திறந்ததும் பழைய கால உடுப்பில் ஆண்களும் பெண்களும் தெரிந்தார்கள். யாரோ டிரம்பெட் ஊதினார்கள். கல்யாண கோஷ்டி என்று நினைத்தேன். ஆனால் நடைமேடையில் நின்ற மற்றவர்களும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள்.

வெள்ளைக் கையுறையும் இறகு வைத்த தொப்பியும் போட்ட ஒரு பெண்மணி வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். சரியான ரயில் என்ன ஆயிற்று என்று கேட்டேன். இதுதான் சரியான ரயில் என்று சிரித்தார். எதற்காக இதை அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டேன். நமக்காகத்தான், இன்றைக்கு மட்டும்தான், தவறவிடாதே என்றார். ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் ‘இன்னைக்கு மட்டும்’ என்று கூவிக் கூவித் தலையில் கட்டிய பொருள்களெல்லாம் எனக்கு நினைவு வந்தன. என் பின்னலை யாரோ பின்னாலிருந்து பிடித்தது போலவே இருந்தது. நான் ஏறவில்லை. கதவு மூடியது. அந்தப் பெண்மணி கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எனக்காக வருத்தப்பட்டார்.

அடுத்த ரயில் வரவில்லை. யாரோ ஒரு பயணிக்கு உடம்பு சரியில்லை, முந்தைய நிலையத்தில் நிற்கிறது என்று ஒலிபெருக்கி சொன்னது. நான் நம்பவில்லை. நம்பாமல் நின்றாலும் நேரம் போகத்தான் செய்தது. தேர்வுக் கூடத்துக்கு ஓடிப் போய்ச் சேர்ந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். வாசலில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ரயில் பிரச்சினை என்றேன். இந்த நகரத்தில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள் என்றார். அடுத்த தேர்வு ஜனவரியில்.

திங்கட்கிழமை இந்திரா ராம்சாமியின் எதிரில் நின்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார். விடுமுறைக் காலத்துச் சனிக்கிழமைகளில் அருங்காட்சியகத்து ரயிலை எடுத்து ஓட்டுவார்கள், ஊரே அதில் ஏற ஆசைப்பட்டு வரும், குழந்தைகள் அழுவார்கள் என்றார். பிறகு சொன்னார்:

“நீ தூங்கிவிட்டாய். அதைச் சொல்லிவிட்டுப் போ. பொய் சொல்வதாக இருந்தால் நல்ல பொய்யாகவாவது சொல்.”

எனக்குச் சுருக்கென்றது. கெஞ்சுவதற்காக நான் இவ்வளவு தூரம் படித்து வரவில்லை. “நான் தூங்கவில்லை. பழைய வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அப்படிப்பட்ட வண்டியில் நான் ஏறுவதில்லை” என்றேன். ஏன் என்றார். டவுன் பஸ்ஸைச் சொன்னேன், ‘சென்னை’ என்ற எழுத்தைச் சொன்னேன், தோப்போரம் புகைந்த வண்டியைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“நீ ஏ ரயிலில்தானே வருகிறாய்? நம் பக்கம் பழைய பெட்டி எத்தனை வருகிறது, புதியது எத்தனை வருகிறது என்று எண்ணியிருக்கிறாயா?”

“எண்ணியிருக்கிறேன்.”

அவர் சிரித்தார். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. “நானும் எண்ணினேன். அப்போது சிவப்பு வண்டி.”

அவர் சிறுமியாக இங்கே வந்தபோது குயின்ஸின் வேறொரு மூலையில் குடியிருந்தார்களாம். அங்கே ஓடியவை சிவப்புப் பெட்டிகள். அதற்கு முன் அவற்றின் மேல் உள்ளும் புறமுமாகப் பையன்கள் வண்ணத்தில் கிறுக்கித் தள்ளியிருந்தார்கள். அதையெல்லாம் மறைக்கத்தான் அந்த அடர்சிவப்பு. இந்திராவின் அப்பா, சிவப்பு அடித்தது கிறுக்கலை மறைக்கவா துருவை மறைக்கவா என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருந்தாராம். வேறு தடங்களில் பெயிண்டே வேண்டாத எவர்சில்வர் பெட்டிகள், வரிவரியாக, வெயிலில் கண் கூசும்படி ஓடின. அவையும் கிழடாகும்வரை ஓடின. சிவப்பை ஓய்வுபடுத்தியபோது அடிச் சக்கரமும் கதவும் சன்னலும் கழற்றி, படகில் ஏற்றி, அட்லாண்டிக் கடலில் தள்ளினார்கள், மீன் வாழட்டும் என்று. எவர்சில்வரிலும் பல அப்படித்தான் போயின. இப்போது அவற்றுக்குள் மீன்கள் கட்டணமில்லாமல் குடியிருக்கின்றன என்றார்.

எண்ணியதில் என்ன தெரிந்தது என்று நான் அவரைக் கேட்கவில்லை. அவரும் என்னைக் கேட்கவில்லை. ஜனவரி வரை பொறுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு நிபந்தனை போட்டார். டிசம்பர் முடிவதற்குள் அந்தப் பச்சை ரயிலில் நான் ஏறவேண்டும். எதற்கு என்றேன். “ஏறாமல் எப்படிச் சொல்வாய், மோசம் என்று? நீ உடைத்துப் பார்க்கிறவள்தானே.”

அன்று மாலை அம்மாவிடம் போனில் கடல் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு சொல்லையும் நம்பவில்லை.

“ரயிலக் கொண்டுபோயி கடல்ல போடுவானா? எடைக்குப் போடாமயா? உன்ன ஏமாத்துறாங்க பாப்பா.”

“மீனுக்கும்மா. வூடு மாதிரி.”

“மீனு கேட்டுச்சா?” என்றாள். சற்று யோசித்து, “எவர்சிலுவர்ல ரயிலுன்னா, அப்ப எதத்தான் சொரண்டிப் பாக்குறது?” என்றும் கேட்டாள். அவள் குரலில் உண்மையான கவலை இருந்தது.

நானும் முழுதாக நம்பவில்லைதான், தேடிப் பார்த்தேன். படம் இருந்தது. படகின் விளிம்பிலிருந்து ஒரு பெட்டி சரிந்து, பாதி தண்ணீரிலும் பாதி வெளிச்சத்திலும் நின்றது. எங்கள் அரியலூரே ஒரு காலத்தில் கடல். சுண்ணாம்புச் சுரங்கத்தில் சங்கும் சிப்பியும் கல்லாகக் கிடைக்கும். கடல் விலகி எங்களுக்கு நிலம் வந்தது, அந்த நிலத்தைத் தோண்டி சிமெண்டு போனது. இந்தக் கடலும் என்றாவது விலகினால், முந்திரி போட வருகிறவன் மண்ணைக் கிளறும்போது ஒரு ரயில் சன்னல் தட்டுப்படும். அது எந்தத் தடத்து ரயில், யார் குடியிருந்த பக்கம் ஓடியது என்று அவன் கேட்பானா தெரியவில்லை.

டிசம்பரின் கடைசிச் சனிக்கிழமை போனேன். அதே கரும்பச்சை, அதே டிரம்பெட். தொப்பி வைத்த பெண்மணி இல்லை. ஏறி, கதவோரப் பிரம்பு இருக்கையில் உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருந்தது. பாட்டி வயதுப் பெட்டி குலுங்காமல், முனகாமல், எந்த நிலையத்திலும் நிற்க மறுக்காமல் போனது. அது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. இவ்வளவு கவனித்தால் பழைய வண்டியும் இப்படி ஓடும் என்றால், எங்களுக்கு வந்தவற்றை யார் கவனிக்காமல் விட்டார்கள்?

யாரும் பார்க்காத நேரத்தில் இருக்கைக்குப் பக்கத்து இரும்பில் நகத்தை வைத்து லேசாக ஒரு கீறு கீறினேன். மேல் நிறம் உரிந்தது. அடியில் இன்னொரு நிறம். அதற்கடியில் இன்னொன்று. பழைய ரயில்காரர் வேடத்தில் இருந்த தொண்டர் ஒருவர் நெருங்கி வந்து, தயவுசெய்து தொடவேண்டாம், இது விலைமதிப்பில்லாதது என்றார். இரண்டு நிலையங்கள்வரை என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் பார்வை எனக்கு மிகவும் பழக்கமானது, ஊர்க் கண்டக்டர்கள் அம்மாவின் நகத்தைப் பார்த்த பார்வை.

அப்போதுதான் அம்மா காலையில் அனுப்பியிருந்த குரல் பதிவைக் கேட்டேன். பின்னணியில் எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தின் இரைச்சல்.

“பாப்பா, நம்மூருக்குப் புது பஸ்ஸு விட்டிருக்காங்கடி. படி தாழ்வா, கெழவிங்க ஏறுற மாதிரி. நான் வுடல, சொரண்டிப் பாத்தேன். அடியில ஒண்ணுமில்ல, வெறுந்தகரந்தான். நெசமாவே புதுசு. எல்லாரும் ஏறிட்டாங்க. எனக்குத்தான் என்னமோ ஏற மனசு வரல. நீ போற எடத்துக்கு நேரத்தோட போ. நான் அடுத்ததுல போறேன்.”

நான் இறங்கி வீட்டுக்கு ரயில் மாறவேண்டிய நிலையம் கடந்து போனது. நான் இறங்கவில்லை. நகக்கண்ணில் ஒட்டியிருந்த பச்சையை எடுக்காமல் அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.