சாக்கு என்று கேட்ட சொல்

போன வாரம் மைசூரில் ஹுன்சூர் சாலையில் ஒரு பணிமனையில் காரை விட்டிருந்தேன். மெக்கானிக் ரேடியேட்டருக்குப் பச்சைக் கூலண்ட் ஊற்றும்போது கொஞ்சம் தரையில் சிந்திவிட்டார். குனிந்து முகர்ந்தாலும் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. லேசான தித்திப்பு வாடை, அவ்வளவுதான். எனக்கு மட்டும் அதற்கடியில் ஒரு புளிப்பு வந்து நின்றது. அந்தப் புளிப்பை எடுப்பதற்காகச் சில வருடம் சம்பளம் வாங்கியவன் நான்.

பத்திரிகை வேலைக்கு வருவதற்கு முன்பு, நஞ்சன்கூடு சாலையில் ஒரு சிறிய கிளைகால் ஆலையின் ஆய்வகத்தில் இருந்தேன். ஆய்வகம் என்றதும் எதையாவது பளபளப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கடப்பைக்கல் மேடை, இரண்டு பியூரெட், ஒரு தராசு, ஆடும் ஸ்டூல் ஒன்று, அதன்மேல் நான். கர்நாடகத்துக்குள்ளேயே தமிழ் பேசுகிற அனூர் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் முதல் பி.எஸ்ஸி. என்பதால் என்னை விஞ்ஞானி என்றே ஊரில் சொல்லிவைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

கிளைகால் நிறமில்லாத, கொழகொழப்பான திரவம்; கூலண்டில் பெரும்பகுதி அதுதான். தயாராகும்போதே அதில் கொஞ்சம் கெட்டு அமிலமாகும். வினிகருக்கு உறவுக்கார அமிலங்கள். அவற்றை எடுக்காமல் அனுப்பினால் வாங்குகிறவரின் குழாயை அரிக்கும், சரக்கு திரும்பி வரும். எங்கள் ஆலையில் அதற்கு வழி ஒன்றுதான். கெட்டில் என்னும் பெரிய கொப்பரையில் சூடாக இருக்கும் கிளைகாலில் காஸ்டிக் சோடாச் செதில்களைச் சாக்குச் சாக்காகக் கொட்டி அமிலத்தை முறிப்பது, பிறகு காய்ச்சி வடிப்பது. எத்தனை சாக்கு என்று கணக்குப் போட்டுச் சீட்டு அனுப்புவது என் வேலை.

சூப்பர்வைசர் சிவண்ணா அமிலம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கன்னடத்தில் புளிப்புக்கு ஹுளி. "ஏன் ஸ்வாமி, ஹுளி ஹோய்த்தா?" என்று ஆய்வக ஜன்னலில் தலையை நீட்டுவார். புளிப்பு போயிற்றா என்று கேட்கிறார். இன்னும் இல்லை என்றால், "நிம்ம மனே சாம்பாரா இது?" என்று சிரிப்பார், உங்கள் வீட்டுச் சாம்பாரா இது என்று. நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஏழுமலை திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர். கட்டட வேலைக்கு வந்து, அது நின்றுபோனதும் எங்கள் ஆலையில் சேர்ந்தார். முப்பது வயதிருக்கும். கன்னடத்தில் ஒரு சொல் தெரியாது. ஆலையில் தமிழ் பேச நான் ஒருவன்தான், என் தமிழிலும் அவருக்குத் திருப்தி இல்லை.

"நீங்க பேசுறது இன்னா சார் தமிழு? கோயமுத்தூர்க்காரு மாரி ஆரம்பிக்கிறீங்க, நடுவுல கன்னடத்துல பூந்துட்றீங்க."

"எங்கூர்ல இப்பிடித்தானுங்க பேசுவாங்க."

"அப்ப உங்க ஊர்ல பாதிப் பேருக்குப் புரியாது சார்."

அவர் வேலைக்கு வந்த நான்காம் நாள், காலை பதினொரு மணி வாக்கில் அது நடந்தது. ஆறு சாக்கு என்று சீட்டு எழுதி அனுப்பியிருந்தேன். மூன்று சாக்கு கொட்டியபின் வழக்கம்போல் சோதனைக்குக் கொஞ்சம் மாதிரி எடுத்து வந்தார்கள். அதில் ஒரு சொட்டு நிறங்காட்டி விட்டேன். பியூரெட்டைத் திறக்கும் முன்பே குடுவை சிவந்துவிட்டது. அமிலம் முழுவதும் தீர்ந்து, காரம் மிஞ்சத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அடுக்கியிருந்தவை புதுச் சாக்குகள், ஐம்பது கிலோ. நான் கணக்குப் போட்டது பழைய இருபத்தைந்து கிலோவுக்கு.

ஓடினேன். கீழே பம்புகளுக்கு நடுவில் நின்ற சிவண்ணாவிடம் நிறுத்தச் சொன்னேன். மேலே இரும்பு மேடையில், கெட்டிலின் திறந்த வாய்க்குப் பக்கத்தில் ஏழுமலை. முதுகில் நான்காவது சாக்கு. சிவண்ணா அண்ணாந்து கத்தினார்.

கன்னடத்தில் 'போதும்' என்பதற்கு ஒரு சின்னச் சொல் உண்டு. அதைத் தமிழில் எழுதிக் காட்ட முடியவில்லை. ஒற்றைக் ககரம் போட்டால் 'சாகு' என்று மென்மையாகப் படித்துவிடுவீர்கள். அந்த ஒலியை விட்டுவிடாமல் எழுதினால் 'சாக்கு' ஆகிவிடுகிறது. எழுத்துக்கே இந்தப் பாடு. பம்பு இரைச்சலில் ஒரு தமிழ்க் காதுக்கு?

"சாக்கு! சாக்கு!" என்றார் சிவண்ணா.

ஏழுமலை தலையாட்டிவிட்டு நான்காவதைக் கொட்டினார். சிவண்ணா கையை வீசிக்கொண்டு இன்னும் பலமாகக் கத்தினார். கத்தல் கூடக் கூட ஏழுமலையின் கை வேகமானது. ஐந்தாவதைப் பிரித்து மொத்தமாகக் கவிழ்த்தார். நானும் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தேன். போதும் என்று அல்ல. அவசரத்தில் என் வாயில் வந்ததும் கன்னடம்தான்.

கெட்டில் பொங்கி வாய்வழியாக வெளியே அடித்தது. பாதுகாப்புக் கண்ணாடியை ஏழுமலை கழற்றிக் கம்பியில் மாட்டியிருந்தார், ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை என்று. குழாயடியில் அவர் முகத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீர் ஊற்றியவர் சிவண்ணா. இடது கண் தப்பியது. வலது கண் போய்விட்டது.

மூன்றாம் நாள் மேலாளர் என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போனார், மொழிபெயர்க்க. போகும்போதே காரில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். தவறு ஆலையுடையது என்றால் ஏழுமலையை வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்துக்கொள்ளலாம். உத்தரவை மீறியது அவர் என்றால் ஊருக்கு அனுப்ப வேண்டியதுதான். கட்டிலருகில் நின்ற அவர் மனைவிக்கும் அது எப்படியோ எட்டியிருந்தது. "கேட்டாண்ட உக்கார்ற வேலையாச்சும் குடுக்கச் சொல்லு சார்," என்றார் என்னிடம்.

மேலாளர் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். "சிவண்ணா சாக்குன்னு சொன்னாரா?"

"சொன்னாரு சார். ஒருவாட்டி இல்ல, நாலஞ்சு வாட்டி."

ஆமாம் என்கிறார் என்றேன். பிறகு ஏன் கொட்டினாய் என்று கேட்கச் சொன்னார் மேலாளர்.

ஏழுமலை கட்டுப்போட்ட முகத்தை என் பக்கம் திருப்பினார். "இன்னா சார் இப்பிடிக் கேக்குறீங்க? சொன்னதாலதான கொட்னேன். நீங்களுந்தான சாக்கு சாக்குன்னு கத்துனீங்க. சரி, சீக்கிரம் கேக்குறாங்கன்னு ரெண்டையும் போட்டேன்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. உடனே, முழுவதுமாகப் புரிந்தது. இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, பாதியில் ஏன் நிறுத்தச் சொன்னீர்கள் என்பது. அதற்கடுத்தது என் சீட்டு.

"ஏனு ஹேள்தா?" என்றார் மேலாளர். என்ன சொன்னான் என்று.

"எல்லாம் காதில் விழுந்தது என்கிறார் சார். அவசரத்தில் கொட்டிவிட்டாராம்."

மேலாளர் அதை ஆங்கிலத்தில் எழுதினார். ஏழுமலையின் கட்டைவிரலை மையில் தோய்த்து அடியில் ஒற்றினோம். அதற்கும் கீழே, 'தமிழில் படித்துக் காட்டப்பட்டது' என்ற வரியின் பக்கத்தில் என் கையெழுத்து. நான் படித்துக் காட்டவில்லை. ஏழுமலையும் கேட்கவில்லை. நான் எழுந்தபோது என் மணிக்கட்டைத் தடவிப் பிடித்தார். "நீங்க இருந்ததாலதான் சார் எல்லாம் தமிழ்ல சொல்ல முடிஞ்சுது."

சரியான வாக்கியத்தை மனதில் எழுதி அடித்து எழுதி, அடுத்த வாரம் தனியாகப் போனேன். கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். ஏழுமலையை ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

இப்போது இந்த வேலைக்குச் சாக்கே வேண்டியதில்லை. பிசின் மணிகள் நிரப்பிய உயரமான உருளைகள் வழியாகக் கிளைகாலை ஓட விடுகிறார்கள். அமிலத்தை மணிகள் பிடித்துக்கொள்கின்றன. யாரும் யாரையும் பார்த்துக் கத்த வேண்டாம். எங்கள் ஆலை அந்தக் காலம் வரை தாங்கவில்லை. இடித்துவிட்டு மனை பிரித்திருக்கிறார்கள், அலுவலகக் கோப்புகள் எடைக்குப் போயின. சிவண்ணா காலமாகிவிட்டார். பம்பு இரைச்சலில் தன் குரல் எட்டவில்லை என்றே கடைசிவரை நினைத்திருந்தார், அவரிடமும் நான் சொல்லவில்லை.

ஏழுமலையின் முகவரி தொழிலாளர் பதிவேட்டில் இருந்தது. பதிவேடு கோப்புகளோடு போயிற்று. எனக்குத் தெரிந்தது பெயரும் மாவட்டமும்தான். ஒருமுறை பேருந்து ஏறித் திருவண்ணாமலை வரை போனேன். நிலையத்துக்கு வெளியே ஒரு பூக்காரரிடம், ஏழுமலை என்று ஒருவர், முன்பு மைசூரில் வேலை செய்தவர் என்று ஆரம்பித்தேன்.

"எந்த ஏழுமலை சார்?" என்றார் அவர். "என் பேருங்கூட ஏழுமலைதான்."