காப்புக்குள் இருந்தது

மகள் கல்யாணத்துக்காக மலையிறங்கிப் போய் நானே தங்கக் காப்பு வாங்கினேன். உரைகல்லில் தேய்த்து நிறம் பார்த்தேன், தராசில் வைத்து எடை பார்த்தேன். படித்தவனை யாரும் ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு. எங்களிடம் மிளகு வாங்க வருகிறவன்கூட மூட்டையின் அடிவரை கையை விட்டுப் பார்ப்பான். காப்புக்குள் என்ன இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

புகுந்த வீட்டில் புதுப்பெண் முதலில் எல்லோருக்கும் சாமைச்சோறு ஆக்க வேண்டும். நாங்களும் போயிருந்தோம். பெரிய பானையை அவள் கிளறிக்கொண்டிருந்தபோது, காப்பின் மூட்டு வழியாக அரக்கு உருகி வழிந்து மணிக்கட்டைச் சுட்டது. மேலே இருந்த தகடு மட்டும்தான் தங்கம்.

"ஏனுங்க சம்பந்தி, உங்க தங்கத்துக்கு வேர்க்குதுங்க!" என்றார் மாப்பிள்ளையின் தாய். பந்தியே சிரித்தது.

கடைக்காரனிடம் போய்க் கேட்டேன். "எடை சரியாத்தானுங்களே இருந்துச்சு?" என்றான்.

இப்போதும் விருந்தாளிகள் வந்தால் மாமியார், "அடுப்புக்கிட்டப் போவாத கண்ணு, உங்கப்பன் போட்டது உருகிப்போயிரும்" என்கிறாராம். மாப்பிள்ளையே இதைச் சிரித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். பொங்கலுக்கு வந்திருந்த மகள், என்னைப் பார்க்கும்போதெல்லாம் முந்தானையால் மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.