மூடி டீச்சர்

கல்யாணப் பந்தியில் ராமலெட்சுமி டீச்சர் உட்கார்ந்த வரிசையில் தண்ணீர் பாட்டில்கள் எல்லாம் மொட்டையாக நிற்கும். ரசம் வருவதற்குள் மூடிகள் அவருடைய மஞ்சப்பைக்குள் போயிருக்கும். யாராவது பாதி குடித்துவிட்டு மூடியைத் தேடினால், "தண்ணிய முழுசாக் குடிங்கண்ணே, ஒடம்புக்கு நல்லது" என்று வைத்தியம் வேறு சொல்வார். அவரைப் பற்றி எழுத வந்த நான் முதல் தடவை பார்த்துவிட்டுப் பரமக்குடிக்கு பஸ் ஏறியபோது என் பை முழுக்க நனைந்திருந்தது. பேச்சு சுவாரசியத்தில் என் பாட்டில் மூடியை எப்போது கழற்றினார் என்று இன்றுவரை தெரியவில்லை.

அவர் பால்வாடி டீச்சர். களவு மூடிகள் எல்லாம் பிள்ளைகளுக்குத்தான். பாட்டில் கழுத்துகளை அறுத்து ஒரு பலகையில் பதித்து வைத்திருக்கிறார். எந்தக் கழுத்துக்கு எந்த மூடி என்று பிள்ளைகள் தேடித் திருக வேண்டும். பிறகு நிறம் பார்த்துப் பிரிக்க வேண்டும். சிவப்பு ஒரு தட்டில், வெள்ளை ஒரு தட்டில். சனிக்கிழமை அத்தனையையும் அண்டாவில் ஊறப்போட்டு அலசி, மொட்டை மாடியில் காயவைப்பார். "பொஸ்தகத்துல ஒருக்காக் கிறுக்குனா முடிஞ்சுபோச்சு. இது கழுவுனாப் புதுசு."

மேலிடத்திலிருந்து வந்த விளையாட்டுப் பெட்டி ஒன்றும் பீரோவில் இருக்கிறது. தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் அதைப் பூட்டியே வைத்திருக்கிறார். ஆய்வுக்கு அதிகாரி வரும் அன்று மட்டும் வெளியே எடுப்பார். "அது உத்தரகோசமங்கை மரகத நடராசர் மாதிரி சார். வருசத்துல ஒரு நாத்தான் தரிசனம்."

மதியம் சத்துணவு முடிந்ததும் பிள்ளைகளுக்கு முன்னால் அவர் தூங்கிவிடுவார். அந்தக் குறட்டைதான் பிள்ளைகளுக்குத் தாலாட்டு.

இந்த ஊருக்குள் இங்கிலீஷ் நர்சரி வேன் வரத் தொடங்கியதிலிருந்து பால்வாடியில் கூட்டம் கரைந்துகொண்டே வருகிறது. இன்னும் ஒன்றிரண்டு பிள்ளைகள் கழன்றால் பக்கத்து ஊர் பால்வாடியோடு இதைச் சேர்த்துவிடுவார்கள். அவருக்கு இருக்கும் ஒரே பயம் அதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் பால்வாடிப் பிள்ளை மகேஸ்வரி, காளிராஜின் மகள், வேலையைக் காட்டினாள்.

காளிராஜ் மிளகாய் பயிரிடும் சம்சாரி. குண்டு மிளகாய் வற்றலைச் சாக்கில் அடைக்கும்போது, வெயில் போதாமல் வெளுத்துப்போனதை அடியிலும் நல்ல சிவப்பை மேலேயும் போடுவது அவர் தொழில் சுத்தம். வியாபாரி சீனி முகம்மதுவும் லேசுப்பட்டவர் இல்லை. முழங்கை வரை சாக்குக்குள் கைவிட்டு அள்ளிப் பார்ப்பவர். அன்றைக்கு ஏதோ நம்பிக்கையில் மேலாக ஒரு பிடி அள்ளிக் களத்தில் போட்டுவிட்டு விலை பேசிக்கொண்டிருந்தார். மகேஸ்வரி அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினாள். சிவப்பு சேர்ந்துகொண்டே போனது. வெள்ளைக்கு ஒன்றுமே இல்லை. அப்பன் சாக்கு கட்டியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அல்லவா, அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்: "அய்யா, வெள்ளையெல்லாம் அடியிலதான கெடக்கு. அதையும் எடுத்துக் குடுங்க."

சீனி முகம்மது சிரித்துக்கொண்டே எல்லாச் சாக்கையும் கவிழ்க்கச் சொன்னார்.

காளிராஜ் நேரே பால்வாடிக்கு வந்தார். நான் அப்போது அங்கேதான் இருந்தேன். "படிப்புச் சொல்லிக் குடுங்கன்னு விட்டா, அப்பன் வயித்துல அடிக்கச் சொல்லிக் குடுத்திருக்கீக" என்றார்.

டீச்சர் விடவில்லை. காளிராஜும் இதே பால்வாடியில் மூக்கொழுகத் திரிந்தவர்தானே. "ஏலே, பிரிக்கத்தான் நான் சொல்லிக் குடுத்தேன். கலக்குனது நீயி."

மறுநாள் மகேஸ்வரி வேனில் ஏறினாள். டீச்சர் வாசலில் நின்று வேன் திரும்பும் வரை பார்த்தார். மூடி போட்ட என் பாட்டில் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவர் தொடவில்லை. எனக்கு என்னவோ போலிருந்தது.

நர்சரியில் கைகட்டி உட்கார வேண்டுமாம். அங்கே அடக்கிவைத்த கை வீட்டுக்கு வந்ததும் திருகத் தொடங்கியது. எண்ணெய் பாட்டில், ஊறுகாய் ஜாடி எதுவும் தப்பவில்லை. கடைசியில் காளிராஜ் வைக்கோல் படப்பில் செருகி வைத்திருந்த குவார்ட்டர் பாட்டிலின் மூடியும் முற்றத்தில் அவள் அடுக்கிய மூடி வரிசையில் வந்து சேர்ந்தது. அதை அவர் மனைவி மாரிச்செல்வி பார்த்துவிட்டாள். பிறகு அந்த வீட்டில் நடந்ததைத் தெருவே கேட்டது.

அடுத்த திங்கட்கிழமை காளிராஜ் ஒரு கையில் மகளும் மறு கையில் ஊரெல்லாம் பொறுக்கிச் சேர்த்த பாதிச் சாக்கு மூடியுமாக வந்து நின்றார். தலை நிமிரவில்லை.

"இவ இங்கனயே இருக்கட்டும் டீச்சர். இங்கன திருகுனாத்தான் வீட்டுல திருக மாட்டா."

சாக்கின் வாயில் மூடிகள் பளபளவென்று கிடந்தன. டீச்சர் மகேஸ்வரியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, குனிந்து, முழங்கை வரை சாக்குக்குள் கைவிட்டு, அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.