மண்ணுக்குள் போன கார் சாவி

கணவரை அடக்கம் செய்தபோது, அவருக்குப் பிடித்ததென்று கொழுந்தனார் கார் சாவியை அவர் சட்டைப் பையில் வைத்தார். மாற்றுச் சாவி இருக்கிறதே என்று நானும் தடுக்கவில்லை. அலங்காநல்லூர்ப் பள்ளிக்கு என்னை அவர்தான் கொண்டுவிடுவார். இனி நானே ஓட்ட வேண்டும். மாற்றுச் சாவி கதவைத் திறந்தது. என்ஜின் எழும்பவில்லை.

பழங்காநத்தத்திலிருந்து வந்த மெக்கானிக் சோதித்துப் பார்த்தார்.

“சாவிக்குள்ள சிப்பு போச்சுக்கா. வண்டி இத யாருன்னு கேக்குது. இன்னொரு சாவியக் கொண்டாங்க.”

கொழுந்தனார் தலைகுனிந்தார். “அது எங்க அண்ணன்ட்ட இருக்குண்ணே.”

“போன் போட்டு வரச் சொல்லுங்களேன்.”

கொழுந்தனார் வீட்டுக்குள் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார். மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது.

“அப்ப புதுசு போட்டுத் தாரேன்க்கா. அண்ணன்ட்ட இருக்க சாவிய வண்டியிலருந்து அழிச்சிரவா?”

தலையசைத்தேன். புதுச் சாவியில் என்ஜின் ஓடியது. நான் பழக்கத்தில் இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, காத்திருந்தேன்.