மத்தாப்பு பிடித்த எலி

பெத்தணன் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்து, வெடிமருந்து கலக்கும் மருந்து ரூமுக்குள் நுழைந்து, கடைசியில் போர்மேன் ஆகி ஓய்வு பெற்றார். முப்பத்திரண்டு வருசத்தில் அவர் கலந்த மருந்து ஒருநாளும் யாரையும் சுட்டதில்லை. பட்டம் வாங்கிய மேனேஜரே, "அண்ணாச்சி, கலவை சரியா இருக்கா, ஒரு பார்வை பாருங்க" என்று கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். இதை ஊருக்கெல்லாம் சொன்னவர் பெத்தணன்தான். ஆனாலும் அது பொய்யில்லை.

அவருடைய ஒரே மகள் செல்வலட்சுமி. விருதுநகர் பருப்பு மண்டியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளைக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். மாமியார் வீட்டில் பூனை ஆகாது. அதனால் சின்னதிலிருந்து மடியில் போட்டு வளர்த்த மத்தாப்பு என்ற பூனையைப் பிறந்த வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். போகிற அன்றைக்குக் காரில் ஏறாமல் நின்றுகொண்டு, "அய்யா, அம்மாட்ட சொல்லல. ஒங்ககிட்டதான் சொல்றேன். மத்தாப்ப நீங்கதான் பாத்துக்கிடணும்" என்றாள்.

"நான் இருக்கேன்ல தாயி. போ" என்றார் பெத்தணன்.

அது நடந்து நாலு வருசம். 2006 தீபாவளி சீசன். பெத்தணனின் மனைவி ராக்காயி வீட்டிலிருந்தபடியே கம்பெனிக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுத்தாள். மைதாப் பசை வாசத்துக்கு எலிகள் வந்து, காயப்போட்ட குழாய்களின் விளிம்பைக் கொறித்துப் பூவாக்கின. மத்தாப்புக்கோ பதினோரு வயது. வாயில் இருந்தது நாலைந்து பல். எலி குறுக்கே ஓடினால் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும்.

"கூண்டு வாங்கிட்டு வாங்க. மசால்வடையச் சொருகி வச்சா மாட்டிக்கிடும்" என்றாள் ராக்காயி.

"மருந்து ரூம ஆண்டவன்டீ நானு. எலிக்கு வடை வாங்கிட்டு வரச் சொல்றியா?"

"பூன இருக்க வீட்டுல எலி மருந்து வைக்காதீக. பொறவு வருத்தப்படுவீக."

"அதுக்கு எட்டாத இடத்துல வைக்கத் தெரியாதா எனக்கு?"

கறுப்புத் தூளாக இருந்த எலி மருந்தை வாங்கிவந்து கருவாட்டுத் தூளில் பிசைந்தார். பிசைந்ததைப் பரண் மேல் மூலையில் வைத்தார். மத்தாப்பு பரண் ஏறி இரண்டு வருசமாயிற்று. கையைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். பெத்தணன் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அடுப்படியிலிருந்து மத்தாப்பு வந்தது. வாயில் ஒரு எலி. நேராக வந்து அவர் காலடியில் அதைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது. எலிக்கு உயிர் இருந்தது. நாலடி தள்ளாடி நடந்தது. மத்தாப்பு அதை ஒரு தட்டுத் தட்டி நிறுத்தியது.

பெத்தணனுக்கு நெஞ்சு விம்மிவிட்டது. "ஏட்டி ராக்காயி! இங்கன வா! கிழவி வேட்டைக்குப் போயிட்டு வந்திருக்கா! என் வீட்டுச் சோறுல்ல!" பக்கத்து வீட்டுச் சுப்புத்தாயும் சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தாள். அவளிடமும் காட்டினார்.

ராக்காயி பார்த்ததும் பதறினாள். "அய்யய்யோ, அது மருந்து தின்ன எலி. அதான் கிழவிகிட்ட மாட்டிருக்கு. புடுங்கிப் போடுங்க."

"தின்னா என்ன? மருந்து எலியோட செலவாகிப் போச்சு. வெடிச்ச வெடியில மறுபடியும் திரி வச்சா வெடிக்குமா? ஒரு மருந்து ஒருவாட்டிதான் வேலை செய்யும். எனக்கா சொல்லித் தாரே?"

சுப்புத்தாய், "அண்ணாச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள்.

மத்தாப்பு இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. குனிந்து அதன் தலையைத் தடவினார். "தின்னு தாயி. நீ பிடிச்சது. தின்னு."

தின்றது. பல்லில்லாத வாயால் மெல்ல மெல்ல, வெகுநேரம் தின்றது.

பத்தரைக்கு வாந்தி எடுத்தது. பிறகு குழாய்க் கட்டுகளுக்கு நடுவே போய்ப் படுத்துக்கொண்டு கத்தியது. அப்படி ஒரு கத்தலை அந்த வீடு கேட்டதில்லை. பெத்தணன் பாலை ஊற்றி வாயைத் திறந்து புகட்டினார். கட்டைப்பைக்குள் துண்டை விரித்து அதை வைத்து, மினிபஸ் பிடித்து, வெம்பக்கோட்டைக்கு மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பஸ்ஸில் கைப்பிடித்து நிற்கவில்லை. பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டே நின்றார்.

டாக்டரம்மா ஊசி போட்டார். "என்ன மருந்து வச்சீங்க?" பெத்தணன் சொன்னார். "பால் குடுத்தீங்களா?" என்றார் டாக்டரம்மா.

"குடுத்தேம்மா. நல்லதுன்னு..."

"இந்த மருந்துக்கு வாய்வழியா எதுவும் குடுக்கக் கூடாது. எலி செத்தாலும் மருந்து அது வயித்துல அப்படியே இருக்கும், ஐயா. தின்ன பிராணிக்கும் அதே வேலையத்தான் செய்யும். பூனை, நாய் இருக்க வீட்டுல கூண்டு வைங்க. எலி நுழையிற ஓட்டைய இரும்பு வலையும் சிமெண்டும் வச்சு அடைங்க. பசை, தானியம் எல்லாத்தையும் மூடி போட்ட டின்னுல வைங்க. அவ்வளவுதான் வழி."

அவர் சொல்லி முடிக்கும்போது மேசையில் மத்தாப்பின் கால்கள் ஒருதரம் விறைத்துத் தளர்ந்தன. பெத்தணன் அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். டாக்டரம்மா அவர் கையை எடுத்துவிட வேண்டியிருந்தது.

வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டு வந்தபோது வீட்டு போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை. செல்வலட்சுமி கூப்பிடுகிற நேரம். ராக்காயி அவர் முகத்தைப் பார்த்தாள்.

"வயசாயிப் போச்சு, தூக்கத்துல போயிருச்சுன்னு சொல்லிருங்க. நானும் அப்பிடியே சொல்றேன்" என்று மெதுவாகச் சொன்னாள். அதில் குத்தல் இல்லை. குத்திக் காட்டியிருந்தால் அவர் கொஞ்சம் தாங்கியிருப்பார்.

பெத்தணன் போனை எடுத்தார்.

"அய்யா, சாப்பிட்டீகளா? மத்தாப்பு என்ன பண்ணுது?"

"தாயி... மத்தாப்பு போயிருச்சு. எலி மருந்து வச்சேன். உங்கம்மா வேண்டாம்னா. மருந்து தின்ன எலிய அது பிடிச்சிட்டு வந்துச்சு. நான்தான்... தின்னுன்னு சொன்னேன். நான் சொல்லித்தான் தின்னுச்சு."

அந்தப் பக்கம் தூரத்தில் மண்டி லாரி ஒன்றின் ஹாரன் மட்டும் கேட்டது.

"கத்துச்சாய்யா?"

"ஆமா தாயி."

அவள் அழ ஆரம்பித்தாள். போனைக் காதிலிருந்து எடுக்காமல், மகள் அழுது முடிக்கிறவரை சுவரைப் பார்த்தபடி நின்றார்.