சில்லுப்பூச்சிகளும் சித்தியின் விரதமும்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது சித்தியின் கந்தசஷ்டி விரதத்தைக் கெடுத்தேன். தகுந்த விஞ்ஞான ஆதாரத்தோடுதான் கெடுத்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தி அம்மாவின் தங்கை. டேனிஷ் நகரமான ஓகூஸின் பல்கலைக்கழகத்தில், குளத்து உயிரிகளை ஆராயும் ஓர் ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தார். அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர வேலை. அதனால் பாடசாலை விட்டதும் நான் பஸ் ஏறி சித்தியிடம் போய்விடுவேன். அவருடைய வேலை முடியும்வரை மூலையில் ஓர் உயரமான ஸ்டூலில் இருந்து வீட்டுப்பாடம் செய்யலாம், எதையும் தொடக்கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

சித்தி பார்த்துக்கொண்டவை ரொட்டிஃபர்கள். வெறுங்கண்ணுக்குத் தண்ணீரில் மிதக்கும் தூசிதான். நுணுக்குக்காட்டியில் பார்த்தால் தலையில் இரண்டு சக்கரங்கள் விடாமல் சுற்றுவது போலிருக்கும். டேனிஷ் பெயருக்குச் சக்கர விலங்கு என்று அர்த்தம். சித்தி எங்கள் தமிழில் சில்லுப்பூச்சி என்றார்.

அவை அநேகமாக எல்லாமே பெண்கள். ஆண் துணை இல்லாமலே முட்டையிட்டு, மகள்மார், மகள்மாருக்கு மகள்மார் என்று பெருகிக்கொண்டே போகும். தண்ணீரில் நெரிசல் கூடும்போதுதான் சில தாய்மாருக்கு வேறு மாதிரியான மகள்மார் பிறக்கும். அந்த மகள்மாரின் முட்டையிலிருந்து ஆண்கள் வரும். அந்த மகள்மாரில் ஆணோடு சேர்ந்தவர்கள் தடித்த ஓட்டோடு கருமையான ஒரு முட்டை இடுவார்கள். அது சேற்றில் கிடந்து, குளிர்காலம் கழிந்த பிறகு பொரிக்கும். நித்திரை முட்டை என்று அதற்குச் சித்தி பெயர் வைத்திருந்தார். ஆண்களுக்குச் சாப்பிட வயிறே கிடையாது, ஓரிரு நாள் நீந்திவிட்டு முடிந்துபோகும். இதைச் சித்தி விளக்கிக்கொண்டிருந்தபோது சித்தப்பா சாப்பாட்டுக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு தொலைக்காட்சிக்கு முன்னால் போய் இருந்துவிட்டார்.

மேசையில் இரண்டு வரிசையாகக் கண்ணாடிக் கிண்ணங்கள் இருந்தன. ஒரு வரிசைக்குப் பச்சைப்பாசி தாராளமாகக் கிடைத்தது. மற்ற வரிசைக்குக் கொஞ்சம்தான். எந்த வரிசையில் நித்திரை முட்டை கூடுதல் என்று எண்ணுவது சித்தியின் வேலை. பசித்த வரிசையில்தான் கூடுதலாக இருக்கும் என்று நான் சொன்னேன். கஷ்டகாலம் வருகிறது என்றால் முட்டையை ஒளித்துவைப்பதுதானே புத்தி?

“எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறவை” என்றார் சித்தி. “நித்திரை முட்டை போட நிறையச் சத்து வேணும். சாப்பாடு காணாட்டி, ஆண் பெண் எண்டு துவங்கிறதே குறைவு. இஞ்ச வந்து பார்.”

பார்த்தேன். பசித்த வரிசையின் மெல்லிய பச்சைத் தண்ணீரில் அநேகமானவை பின்புறம் முட்டை எதையும் சுமக்காமல் சும்மா நீந்திக்கொண்டிருந்தன.

அந்த வருடம் தீபாவளிக்கு மறுநாள் சித்தி விரதம் தொடங்கினார். கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. விரதம் அம்மாவின் ஏற்பாடு. ஒடென்சேயில் இருந்த மாமி, புரொண்பியில் இருந்த பெரியப்பா வீட்டார், எல்லோருக்கும் அம்மாவே தொலைபேசியில் சொல்லிவிட்டார். “ஆறு நாளும் பிடிக்கிறாள். அடுத்த வருசம் பிள்ளையோடதான் கோயிலுக்கு வருவாள்” என்று அவர் சொல்வது என் அறைவரை கேட்டது. பகல் முழுக்க ஒன்றுமில்லை, பின்னேரம் ஐந்து மணிக்கு ஒரு தம்ளர் பால் மட்டும்.

எனக்குத் தலை சுற்றியது. பிள்ளை வேண்டுமென்றால் பட்டினி கிடப்பதா? சித்தி இவ்வளவு நாளும் எண்ணிய கிண்ணங்கள் எதற்கு? மூன்றாம் நாள் அவர் எண்ணிக்கையைத் தவறவிட்டு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றதைக் கண்டேன். இனிப் பொறுக்க முடியாது என்று தீர்மானித்தேன்.

நாலாம் நாள் காலையில், அம்மா மிளகாய்த்தூள் அரைக்கும் மெஷினில் இரண்டு கைப்பிடி ஓட்ஸைப் போட்டு மாவாக அரைத்து எடுத்துப்போனேன். சித்தி குளிர் அறைக்குள் போன சமயம் பார்த்து, சாப்பாட்டு அறையில் இருந்த அவருடைய பால் ஃபிளாஸ்கில் முழுவதையும் கொட்டிக் குலுக்கினேன்.

ஐந்து மணிக்கு அங்கே மேசையில் எதிரெதிராக இருந்தோம். சித்தி ஃபிளாஸ்கைச் சரித்தார், ஒன்றும் வரவில்லை. அடியில் தட்டினார். கஞ்சி பொத்தென்று தம்ளரில் விழுந்தது.

“இதுக்குள்ள என்ன போட்டனி?”

“ஓட்ஸ்.”

“ஏன்?”

அதற்குரிய தமிழ் என்னிடம் இல்லை. டேனிஷில் சொன்னேன். மெல்லிய வரிசையில் யாருக்கும் முட்டை இல்லை, நீங்கள் இப்போது மெல்லிய வரிசையில் இருக்கிறீர்கள், இப்படியே இருந்தால் தொடங்கவே மாட்டாது.

சித்தி கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் லாச்சியை இழுத்து ஒரு கரண்டி எடுத்துவந்து, தம்ளரில் இருந்ததையும் ஃபிளாஸ்கில் இருந்ததையும் வழித்துச் சாப்பிட்டார்.

“உறைக்குது” என்றார். “அம்மாட்ட சொல்லக்கூடாது. ஓமா?”

“ஓம்.”

ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் கொண்டுபோனேன். சாப்பிட்டார். சூரன்போருக்குக் கோயிலில் கூட்டம் நெருக்கியடித்தது. ஆறு நாள் பட்டினி கிடந்தும் முகத்தில் என்ன களை பாருங்கள் என்று அம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தி குனிந்து சேலைக் கரையைச் சரிசெய்தார். நான் இருவருக்கும் நடுவில் மிகுந்த பெருமையோடு நின்றேன்.

குளிர்காலம் முழுவதும் சித்தியின் வயிற்றைக் கவனித்துவந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. பங்குனி மாதத்தில் ஒருநாள், பஸ் தரிப்பிடத்தில், இரண்டு கைப்பிடி ஓட்ஸ் போதாமல் போய்விட்டதா என்று கேட்டேன். சித்தி என் குளிர்ச்சட்டையின் பொத்தானைப் பூட்டிவிட்டார். “இல்லையடி. அளவு சரிதான்” என்றார்.

அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. எனக்கு இருபத்தாறு வயதானபோது, தன் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டே சித்தி மிச்சத்தைச் சொன்னார். பிள்ளைக்காக இனிச் சிகிச்சை செய்து பலனில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னது அந்தத் தீபாவளிக்கு முந்தின வாரம். சித்தப்பாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. விரதம் பிடிக்கமாட்டேன் என்றால் ஏன் என்று அக்காவுக்குச் சொல்லவேண்டும். அதனால் பிடித்திருக்கிறார்.

“நாலாம் நாள் எனக்கு ஏலாமல் போச்சு” என்றார். “ஆருக்காவது சொல்லிப்போடுவம் எண்டு இருந்தனான். முன்னால இருந்தது நீதான். ஏன் எண்டு கேட்டன், நீ சொன்ன விளக்கத்துக்குப் பிறகு சொல்ல மனம் வரேல்லை.”

அந்த மேசையில் அவர் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் சொன்னது சரிதானா என்று யோசிக்கிறார் என்றே நினைத்தேன்.